கார் கிளட்ச்ல ஆயில் பட்டா போச்சுங்கிறாங்க, பைக் கிளட்ச் மட்டும் ஆயில்லயே ஊறிக்கிட்டு எப்படி பிடிக்குது?

கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். "கிளட்ச்ல எத்தன வகை இருக்கு"ன்னுதான் ஆரம்பிச்சிருக்கீங்க, ஆனா உங்கள நிஜமா உறுத்துறது அதுக்குக் கீழ எழுதியிருக்கிற விஷயம்னு நினைக்கிறேன். கார்ல ஆயில் சீல் கசிஞ்சு கிளட்ச் பிளேட்ல ஆயில் பட்டுடுச்சு, இனி பிடிக்காதுன்னு மெக்கானிக் பிளேட்டையே மாத்திட்டார், ஆனா உங்க பைக்ல கிளட்ச் பூரா இன்ஜின் ஆயில்லயே முங்கிக் கிடக்கு, அது மட்டும் எப்படி வழுக்காம ஓடுது, அப்புறம் லீவரே இல்லாத ஸ்கூட்டர்லயும் கிளட்ச் இருக்குங்கிறாங்களே அத யாரு அமுக்குறா, இதுதானே? கடைசில ஒரு வரி, புது பிளேட் போட்டும் கார் முதல் கியர்ல கிளம்பும்போது அதிருதுன்னு. அதுக்கும் வர்றேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல மெஷின் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், பிரஸ், கன்வேயர், லாரி கியர் பாக்ஸ்னு கிளட்ச் உள்ள எதையெதையோ பிரிச்சு மாட்டியிருக்கேன். பாடப் புத்தகத்துல வகை வகையா பிரிச்சு படம் போட்டிருப்பாங்க, அது தப்பில்ல, ஆனா வேலையில எனக்கு உதவுனது ஒரே ஒரு கேள்விதான்: இந்த கிளட்ச் பிடிக்கும்போது வர்ற சூடு எங்க போகுது? இத கேட்டுக்கிட்டே போனா ஒவ்வொரு வகையும் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரிஞ்சிடும், உங்க ஆயில் சந்தேகமும் அதுலயே தீந்துடும்.

இன்ஜின் நின்னுட்டா தானா கிளம்பாது, அதனால வண்டி நிக்கும்போதும் அது 800, 900 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு அத்தன சுத்து) சுத்திட்டே இருக்கணும். சக்கரமோ அசையாம நிக்குது. ஒரு பக்கம் 800, இன்னொரு பக்கம் பூஜ்யம், ரெண்டையும் சேர்க்கணும். சேர்ந்து முடிக்கிறப்ப ரெண்டும் ஒரே ஸ்பீடுல இருந்தே ஆகணும், அதுவரைக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு வழுக்கியே ஆகணும், வழுக்க விடலன்னா ஏதாவது உடையும், இல்ல இன்ஜின் ஆஃப் ஆயிடும். அதனால கிளட்ச்ச பிடிக்கிற சாமான்னு நினைக்காதீங்க, அளவா வழுக்க விட்டு அப்புறம் பிடிக்கிற சாமான்னு நினைச்சுக்கோங்க. வழுக்குனா உரசும், உரசுனா சூடு வரும், அந்த சூட்ட வாங்கிக்க ஒரு இடம் வேணும்.

வழுக்கவே வழுக்காத கிளட்ச்சும் இருக்கு, டாக் கிளட்ச்னு பேரு. ரெண்டு வளையத்துல முகத்துக்கு முகம் பல்லு வெட்டியிருக்கும், ஒண்ணு நகந்து வந்து இன்னொண்ணுக்குள்ள உக்காந்துக்கும், அவ்வளவுதான். சின்ன சைஸ்லயே எவ்வளவு பெரிய டார்க்கையும் (சுத்துற பலத்தையும்) தாங்கும், சூடுங்கிற பேச்சே இல்ல. ஆனா ரெண்டு பக்கமும் நின்னுட்டு இருக்கணும், இல்ல கிட்டத்தட்ட ஒரே ஸ்பீடுல சுத்தணும், இல்லன்னா பல்லு தெறிக்கும். பைக்ல கியர் போடும்போது 'டக்'னு கேக்குதே, அது இந்த டாக் உக்கார்ற சத்தம்தான். கார் கியர் பாக்ஸ்லயும் முன்னோக்கிப் போற கியர் பல்லெல்லாம் எப்பவும் கோத்தேதான் இருக்கும், நீங்க கியர் மாத்தும்போது நகர்றது டாக் மட்டும்தான். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வளையம், பெரும்பாலும் பித்தளை, கூம்பு மாதிரி இருக்கிற முகத்துல உரசி ரெண்டு ஸ்பீடையும் ஒண்ணாக்கிக் குடுக்கும், சிங்க்ரோ ரிங்னு சொல்லுவோம், அதுவும் ஒரு குட்டி கோன் கிளட்ச்தான். நிறைய கார்ல ரிவர்ஸுக்கு மட்டும் இந்த ரிங் இருக்காது, அதனாலதான் வண்டி முழுசா நிக்காம ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது.

இந்த வகையில ஒரு விஷயத்த சொல்லாம தாண்ட எனக்கு மனசு வரல. தகட்ட அமுக்கி வெட்டுற பழைய மெக்கானிக்கல் பவர் பிரஸ்கள்ல 'கீ'ங்கிற இரும்புத் துண்டு உருண்டு லாக் ஆகுற முழுச் சுத்து கிளட்ச் இருக்கும், ஒரு தடவ பிடிச்சிட்டா ஒரு முழுச் சுத்து முடியாம விடாது. நான் ட்ரெயினியா இருந்த இடத்துல ஒரு ஆபரேட்டர் பெடல மிதிச்சப்புறம்தான் தன் கை டைக்குள்ள (தகடு அமுங்குற அச்சுக்குள்ள) இருக்கிறத பாத்தார், பெடல விட்டார், பிரஸ் நிக்கல, ரெண்டு விரல் போச்சு. பெடல விட்டா நின்னுடும்னு அதுவரைக்கும் நாங்க எல்லாருமே நினைச்சிருந்தோம். உரசிப் பிடிக்கிற ஃபிரிக்ஷன் கிளட்ச்சும் பிரேக்கும் சேந்து இருக்கிற பிரஸ்ஸ பாதி இறக்கத்துல கூட நிறுத்தலாம், முழுச் சுத்து கிளட்ச் பிரஸ்ஸ நிறுத்தவே முடியாது, அதனால அதுக்கு லைட் கர்டன் (கை குறுக்க வந்தா மெஷின நிறுத்துற ஒளித் திரை) மாட்டிப் பிரயோஜனம் இல்ல, கை உள்ள போகவே முடியாதபடி தடுப்புதான் வேணும். யாராவது இந்த மாதிரி மெஷின் பக்கத்துல வேலை பாக்குறவங்க இத படிச்சா, உங்க பிரஸ்ல எந்த வகை கிளட்ச்னு நாளைக்கே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

இப்ப உங்க கார். ஃப்ளைவீல்ங்கிற கனமான இரும்புச் சக்கரம், பிரஷர் பிளேட்ங்கிற அமுக்குற தட்டு, ரெண்டும் எப்பவும் இன்ஜினோட சுத்தும், ரெண்டுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட், அது கியர் பாக்ஸ் ஷாஃப்ட்ல இருக்கிற வரிப் பல்லுல முன்னாடி பின்னாடி நகர்ற மாதிரி உக்காந்திருக்கும். பிரஷர் பிளேட்டுக்குப் பின்னாடி கவுத்து வச்ச தட்டு மாதிரி ஒரு டயாஃப்ரம் ஸ்பிரிங், நடுவுல விரல் விரலா வெட்டி விட்டிருக்கும், அதுதான் எப்பவும் பிளேட்ட நசுக்கிப் பிடிச்சிட்டு இருக்கு. பெடல அமுக்குறது பிடிக்க இல்ல, அந்தப் பிடிய விட. நீங்க மிதிச்சா ரிலீஸ் பேரிங் போயி அந்த விரல்கள தள்ளும், ஸ்பிரிங்கோட ஓரம் மறுபக்கம் தூக்கும், பிளேட் லூசாயிடும். கால எடுத்துட்டா ஸ்பிரிங் தன் வேலைய தானே பாத்துக்கும். பிளேட்ட கையில வாங்கிப் பாத்தீங்கன்னா நடுவுல நாலஞ்சு சின்ன காயில் ஸ்பிரிங் தெரியும், அது இன்ஜின் துடிக்கிற துடிப்பு கியருக்குப் போகாம தாங்குறதுக்கு, ரெண்டு முகத்துலயும் ஒட்டியிருக்கிற லைனிங்குக்கு (உரசுற பொருளுக்கு) நடுவுல அலை அலையா வளைஞ்ச மெல்லிசு ஸ்டீல் இருக்கும், அது இருக்கிறதாலதான் வண்டி குதிக்காம மெதுவா கிளம்புது.

இது எவ்வளவு டார்க் தாங்கும்ங்கிறது நாலு நம்பர் பெருக்குற கணக்குதான்: உரசல் எண், ஸ்பிரிங் அமுக்குற பலம், சராசரி ஆரம், உரசுற முகங்களோட எண்ணிக்கை. காய்ஞ்ச லைனிங்குக்கு உரசல் எண் சுமாரா 0.3ன்னு வச்சுக்கலாம், லைனிங்க பொறுத்து, சூட்ட பொறுத்து கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஸ்பிரிங் பலம் 4000 நியூட்டன், ஆரம் 9 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் உரசுறதால முகம் 2. பெருக்குனா 216 நியூட்டன் மீட்டர். இன்ஜின் 150 குடுக்குதுன்னா தாராளமா பிடிக்கும். இப்ப அதே பிளேட்ல ஆயில் பட்டு உரசல் எண் 0.1க்கு இறங்குதுன்னு வைங்க, 216 போயி 72 ஆயிடுச்சு, இன்ஜின் 150 குடுக்குறப்ப பாதிய கூட அதால தாங்க முடியல. அதுக்கு மேல இன்னொரு கெடுதல், வழுக்குறதால சூடேறி அந்த ஆயில் லைனிங் மேலயே கருகி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிடும். லைனிங் ஆயில உறிஞ்சிக்கிற பொருள், பெட்ரோல் ஊத்திக் கழுவினா மேல போகும், உள்ள இருக்கிறது சூடானதும் திரும்ப வெளிய வரும். அதனால மாத்தணும்னு உங்க மெக்கானிக் சொன்னது சரிதான்.

பைக்ல என்ன நடக்குதுன்னா, அத டிசைன் பண்றவர் கணக்கு போடும்போதே உரசல் எண் 0.1ன்னு எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். பிடி மூணுல ஒரு பங்காயிடுச்சேன்னா, முகத்தோட எண்ணிக்கைய கூட்டிடுறார். லைனிங் பிளேட் அஞ்சு, நடுநடுவுல ஸ்டீல் பிளேட்னு மாத்தி மாத்தி அடுக்குனா உரசுற முகம் பத்து. ஸ்பிரிங் எல்லாம் சேந்து 1000 நியூட்டன், ஆரம் 5 சென்டிமீட்டர்னு எடுத்தா கூட 50 நியூட்டன் மீட்டர் தாங்கும். சின்ன பைக் இன்ஜின் ஒரு 12 குடுக்கும், இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவுல இருக்கிற ப்ரைமரி கியர்ல அது மூணு மடங்குக்கு மேல பெருகி 40 கிட்ட கிளட்ச்சுக்கு வரும், அப்பவும் மிச்சம் இருக்கு. ஒரே ஸ்பிரிங் பலம் பத்து முகத்துலயும் முழுசா வேலை செய்யுது பாருங்க, அது எனக்கு இன்னிக்கும் பிடிச்ச விஷயம், அடுக்குல எத்தன பிளேட் சேர்த்தாலும் ஸ்பிரிங் பலம் பங்கு போகாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதே பலம் கிடைக்கும்.

சரி, பிடிய குறைக்கிற ஆயில எதுக்கு வேணும்னே உள்ள விடணும்னா, சூடுக்காகத்தான். கார்ல பல கிலோ எடையுள்ள ஃப்ளைவீல் சூட்ட வாங்கி வச்சுக்கும், அப்புறம் மெதுவா காத்துல விடும். பைக்ல அவ்வளவு இரும்புக்கு இடமில்ல, மெல்லிசு ஸ்டீல் பிளேட்டுங்கதான். ஆயில் லைனிங்ல வெட்டியிருக்கிற பள்ளங்கள் வழியா ஓடி சூட்ட அள்ளிட்டு கிராங்க் கேஸுக்கு (இன்ஜினோட அடிப் பெட்டிக்கு) போயிடும். பிளேட்டுங்க நெருங்கும்போது அந்தப் பள்ளம் வழியாத்தான் ஆயில் வெளியவும் பிதுங்கும், நடுவுல தடிமனான ஆயில் படலம் நிக்காது, மிக மெல்லிசான ஒரு பூச்சு மட்டும் மிஞ்சும். அந்தப் பூச்சு எவ்வளவு பிடிக்கும்ங்கிறத முடிவு பண்றது ஆயில்ல கலந்திருக்கிற மருந்துங்கதான், அதனாலதான் பைக் ஆயில் டப்பால ஜாசோ (ஜப்பான் தர அமைப்பு) எம்ஏ, எம்ஏ2ன்னு போட்டிருக்கும், அது ஆயில்ல ஊறுற கிளட்ச்சுக்கானது, எம்பின்னு போட்டா உரசல் குறைவு, கிளட்ச் இன்ஜின் ஆயில்ல இல்லாத ஸ்கூட்டருக்கு சரி. கார் ஆயில் ஊத்துனா பைக் கிளட்ச் கண்டிப்பா வழுக்குமான்னு கேட்டா, கண்டிப்பான்னு சொல்ல மாட்டேன், ஒண்ணும் ஆகாம ஓடுன வண்டியும் பாத்திருக்கேன், டாப் கியர்ல முறுக்குனதும் வழுக்குன வண்டியும் பாத்திருக்கேன், அந்த ஆயில்ல உரசல் குறைக்கிற மருந்து எவ்வளவு, உங்க கிளட்ச் ஸ்பிரிங் எவ்வளவு தளந்திருக்குங்கிறத பொறுத்தது. எம்ஏ போட்ட ஆயில் கிடைக்கும்போது அந்த ரிஸ்க் எடுக்க ஒரு காரணமும் இல்ல. பைக்னா எல்லாமே ஆயில் கிளட்ச்னும் இல்ல, டுகாட்டியோட பழைய மாடல்கள் பலதுல காய்ஞ்ச மல்டி பிளேட் கிளட்ச்தான், நிக்கும்போது கலகலன்னு ஒரு சத்தம் வரும், அது அந்த பிளேட்டுங்க ஆடுற சத்தம்.

சூட்டு கணக்க ஒரு தடவ போட்டுப் பாத்துடுங்க, ஹாஃப் கிளட்ச் (பெடல பாதி மட்டும் விட்டு கிளட்ச்ச வழுக்க விட்டே வைக்கிறது) பத்தி யார் சொல்றதையும் நம்ப வேண்டியதில்ல. 1000 கிலோ கார நின்ன இடத்துலேந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு வர்ற சக்தி கிட்டத்தட்ட 4000 ஜூல். ஒழுங்கா கிளப்புனா ஏறக்குறைய அதே அளவுதான் கிளட்ச்லயும் சூடா போகும், இத யாராலயும் தவிர்க்க முடியாது, எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும் பாதி கிளட்ச்சுக்குத்தான். இப்ப அதே கார 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுற ஏத்தத்துல பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்ல நிறுத்தி வைக்கிறீங்க. வண்டி பின்னால உருளாம இருக்க கிளட்ச்ல சுமார் 20 நியூட்டன் மீட்டர் வேணும், இன்ஜின் 1200 ஆர்பிஎம்ல ஓடுது, அப்ப செகண்டுக்கு 2500 ஜூல், அதாவது 2500 வாட் ஹீட்டர பிளேட்டுக்குள்ள ஆன் பண்ணி வச்ச மாதிரி. வண்டி நகரவே இல்ல, முழுசும் சூடு. பத்து செகண்ட் நின்னா 25000 ஜூல், ஆறு தடவ கிளப்புன தேய்மானம் ஒரே சிக்னல்ல போயிடுது. ஹேண்ட் பிரேக்க இழுங்க, தயவு செஞ்சு. கிளட்ச் எத்தன கிலோமீட்டர் வரும்னு கேக்குறவங்களுக்கு நான் நம்பர் சொல்றதே இல்ல, ஒரே மாடல் வண்டிய ஒருத்தர் 40 ஆயிரத்துல கிளட்ச் மாத்தக் கொண்டு வருவார், இன்னொருத்தர் லட்சம் தாண்டி பழைய பிளேட்லயே ஓட்டிட்டு இருப்பார்.

ஸ்கூட்டர் கிளட்ச்ச யாரும் அமுக்குறதில்ல, சுத்துற வேகமே அமுக்குது. ஒரு கிண்ணம், அதுக்குள்ள லைனிங் ஒட்டுன ஷூ, ஷூவ உள்பக்கமா இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங். ஐடில்ல, அதாவது முறுக்காம சும்மா ஓடும்போது, ஸ்பிரிங் ஜெயிக்கும், ஆக்ஸிலரேட்டர் முறுக்குனா ஷூ வெளிய விரிஞ்சு கிண்ணத்துல உரசிப் பிடிக்கும். வேகம் ரெண்டு மடங்கானா வெளித் தள்ளுற பலம் நாலு மடங்கு, அதனால கொஞ்சம் முறுக்குனதுமே கெட்டியா பிடிச்சிடும். மரம் அறுக்குற செயின் சாலயும் இதேதான், ஐடில்ல செயின் நிக்கணும், சுத்துனா ஸ்பிரிங் போச்சுன்னு அர்த்தம், அப்படியே வேலை பாக்காதீங்க. 1958ல வந்த ஹோண்டா சூப்பர் கப் இந்த சங்கதிய அழகா பயன்படுத்துச்சு, லீவர் கிடையாது, கிளம்ப இந்த மாதிரி வேகத்துல விரியுற சென்ட்ரிஃபியூகல் கிளட்ச், கியர் பெடல மிதிக்கும்போது அதே மிதியில கிளட்ச்சும் விடும். ஏத்தத்துல ஸ்கூட்டர பிரேக் பிடிக்காம லேசா முறுக்கியே நிறுத்தி வைக்கிறீங்கன்னா, மேல சொன்ன ஹாஃப் கிளட்ச் கணக்கு இங்கயும் அப்படியே வரும், தெரிஞ்சுக்கோங்க.

சைக்கிள் பின் சக்கரத்துல இருக்கிறதையும் கிளட்ச்னு சொல்லலாமான்னா தாராளமா, அது ஒருவழி கிளட்ச். பெடல் சக்கரத்த ஓட்டலாம், சக்கரம் பெடல ஓட்டக் கூடாது. சைக்கிள்ல ஸ்பிரிங் வச்ச சின்ன நாக்கு பல்லுல மாட்டும், நீங்க மிதிக்காம போகும்போது கேக்குற கிர்ர் சத்தம் அந்த நாக்கு பல்லு மேல தாவுறது. சுய ஸ்டார்ட்டர்ல நாக்குக்குப் பதிலா உருளை, ஒருபக்கம் குறுகிக்கிட்டே போற சந்துக்குள்ள இருக்கும், ஒரு திசையில உருண்டு சந்துல ஆப்பு மாதிரி சிக்கும், எதிர்த் திசையில அகலமான பக்கம் வந்து லூசாயிடும். சந்தோட கோணம் சின்னதா இருந்தாத்தான் சிக்கும், உருளை தேஞ்சுட்டா சிக்காம வழுக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் ஊய்னு சுத்தி இன்ஜின் சுத்தாம இருக்கிறதுக்கு பல தடவ காரணம் இதுதான். ஹெலிகாப்டர்ல இன்ஜின் நின்னுட்டாலும் மேல இருக்கிற விசிறி காத்து தள்ளுறதுல சுத்திக்கிட்டே பத்திரமா இறக்க முடியுறதுக்கும் இந்த ஒருவழி கிளட்ச்தான் காரணம், நின்னுபோன இன்ஜின் விசிறிய பிடிச்சு இழுக்காம அது விட்டுடும்.

மிச்சத்த சுருக்கமா சொல்றேன். கார் ஏசி கம்ப்ரஸர் முன்னாடி இருக்கிறது எலக்ட்ரோமேக்னட்டிக் கிளட்ச், புல்லி சும்மா சுத்திட்டே இருக்கும், காயிலுக்கு கரண்ட் வந்ததும் முன் தட்ட இழுத்து ஒட்டிக்கும், தேஞ்சு இடைவெளி அதிகமாயிட்டா காலையில நல்லா ஓடி வண்டி சூடானதும் ஏசி விட்டுப் போகும், ஏன்னா காயில் சூடானா கரண்ட் குறையும், இழுக்கிற சக்தி பத்தாது. டிரில்ல ஸ்க்ரூ முடுக்குறப்ப கடகடன்னு விடுதே, அது ஓவர்லோட் கிளட்ச், குண்டு ஸ்பிரிங்க தள்ளிட்டு குழிலேந்து ஏறி இறங்குற சத்தம். டூயல் கிளட்ச்ங்கிறது புது வகையே இல்ல, ஒத்தப்படை கியருக்கு ஒரு ஃபிரிக்ஷன் கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒண்ணு, அவ்வளவுதான். 2003ல ஃபோக்ஸ்வாகன் தங்களோட ரோடு கார்ல இத கொண்டு வந்தப்ப ரெண்டும் ஆயில்ல இருந்துச்சு, 2008ல குறைஞ்ச டார்க் இன்ஜினுக்கு காய்ஞ்ச டைப் வந்துச்சு, ஏன் டார்க்க வச்சுப் பிரிச்சாங்கன்னு இந்நேரம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதிக டார்க்னா அதிக சூடு.

உங்க கார் அதிர்றதுக்கு வர்றேன். வண்டிய பாக்காம காரணம் இதுதான்னு சொன்னா அது பொய், ஆனா எந்த வரிசையில பாக்கணும்னு சொல்ல முடியும். மொதல்ல, கசிஞ்ச ஆயில் சீல மாத்தினாங்களா, இல்ல பிளேட்ட மட்டும் மாத்தினாங்களான்னு கேளுங்க, சீல விட்டிருந்தா புது பிளேட்லயும் இப்ப ஆயில் ஏறிட்டு இருக்கும். இன்ஜினோட கிராங்க் ஷாஃப்ட் பின்னாடி ஒரு சீல், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்ல ஒரு சீல், ரெண்டுல எது கசிஞ்சதுன்னு தெளிவா கேளுங்க. அடுத்து ஃப்ளைவீல் முகம், பழைய பிளேட் வழுக்குனப்ப அங்கங்க நீலமா கறுப்பா சூட்டுத் தழும்பு விழுந்திருக்கும், அத தேச்சு சமன் பண்ணாம புது பிளேட் போட்டா சுத்துக்கு சுத்து பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு அதிரும். அப்புறம் இன்ஜின் மவுண்ட், அதாவது இன்ஜின தாங்குற ரப்பர் பிடிப்பு. இது எல்லாம் சரியா இருந்தா ஒரு சில நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க, புது லைனிங் முகத்தோட ஒத்துப் போக டைம் எடுக்கும், லேசான அதிர்வு அதுலயே போன வண்டிகள் உண்டு. கூடவே ஒண்ணு கவனிங்க, பெடல அமுக்கும்போது மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங் பக்கம் சந்தேகப்படுங்க, நியூட்ரல்ல கால எடுத்தா சத்தம், அமுக்கினா நின்னுடுதுன்னா கியர் பாக்ஸ் இன்புட் பேரிங் பக்கம். டாப் கியர்ல மெதுவா போயிட்டு முழு ஆக்ஸிலரேட்டர் குடுக்கும்போது வேகம் ஏறாம ஆர்பிஎம் மட்டும் ஏறுச்சுன்னா அது அதிர்வு பிரச்சினை இல்ல, வழுக்குது, ஆயில் திரும்ப ஏறிடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உடனே கியர் பாக்ஸ இறக்கச் சொல்லுங்க. ரொம்ப பழைய வண்டியா இருந்தா இன்னொண்ணு, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பிருக்கு, ஹவுசிங்க்குள்ள இருக்கிற தூசிய ஏர் அடிச்சு ஊத வேணாம்னு சொல்லுங்க, ஈரத் துணியில துடைக்கட்டும்.